‘அவங்க’ எத்தனை பேர்?

(சட்ட மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



சாட்சிக் கூண்டில் ஒரு பெண் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ராத்திரி எட்டு மணி இருக்கும். அவங்க வந்து வாசல்ல நின்னாங்க” என்கிறார். வந்தது எத்தனை பேர்? நமக்கே தெரியாது. அது அவருடைய கணவராக இருக்கலாம். ஊர்ப் பெரியவர் ஒருவராக இருக்கலாம். அரிவாளோடு வந்த ஆறு பேராகவும் இருக்கலாம். அடுத்த கேள்வியில்தான் தெரியவரும். ஆனால் இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவருக்கு அடுத்த கேள்விவரை பொறுத்திருக்க முடியாது. ஒருமையா பன்மையா என்று அந்த நொடியிலேயே முடிவு கட்ட வேண்டும். பன்மையில் போட்டுவிட்டார் என்றால், ஒருவர் கும்பலாகிவிட்டார். ஐந்து பேர் சேர்ந்தால் சட்டவிரோதக் கூட்டம் என்பது உங்களுக்கு முதலாண்டுப் பாடம். மரியாதைக்குச் சொன்ன ஓர் எழுத்து, தண்டனைச் சட்டத்தின் இன்னொரு பிரிவுக்கே வழக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று. “அண்ணந்தான் வெட்டினானாம்” என்கிறார் சாட்சி. அந்த ‘ஆம்’ என்கிற ஒட்டில்தான் இருக்கிறது சாட்சியச் சட்டம். நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்பதைத் தமிழ் ஒரே அசையில் சொல்லிவிடுகிறது. அவசரத்தில் அந்த அசை விழுந்துவிட்டால், செவிவழிச் செய்தி கண்ணால் கண்ட சாட்சியமாகிவிடும். அப்புறம் ‘நாம போனோம்’, ‘நாங்க போனோம்’. கேட்டுக்கொண்டிருப்பவனையும் சேர்த்தா, விட்டுவிட்டா? சதி வழக்கில் அதுதானே கேள்வி? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதிகாரி பேசப்பேச “சரிங்க, சரிங்க” என்று தலையாட்டுகிறாரே, அது ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது.

இவையெல்லாம் மொழிபெயர்ப்பாளரின் அயோக்கியத்தனத்தால் வருகிற பிழைகள் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லவர், படித்தவர், இரண்டு மொழியும் அறிந்தவர்தான் இந்தப் பிழைகளைச் செய்வார். நான் இன்று பேச வந்தது, பிழை நடந்த பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றி. தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்கிறார். “நான் சொன்னது அது இல்லை ஐயா” என்கிறார். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் காது கிடையாது, கண் மட்டும்தான். அது பதிவை வாசிக்கும். பதிவில் இருப்பது மொழிபெயர்ப்பாளரின் வாக்கியம். சாட்சியின் வாக்கியம் சொன்ன மாத்திரத்தில் காற்றோடு போயிற்று. எதை எதோடு ஒப்பிட்டுப் பிழை காட்டுவது?

இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சில வழக்குகளைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் லீ குன் என்ற சீனர்மீது கொலை வழக்கு. ஆண்டு 1915. அவருக்கு வழக்கறிஞர் இருந்தார். ஆங்கிலம் தெரியாது. விசாரணையில் சாட்சிகள் சொன்னதை யாரும் அவருக்குச் சீன மொழியில் சொல்லவில்லை. தலைமை நீதிபதி ரீடிங் பிரபு அருமையான ஒரு விதியை வகுத்தார். வழக்கறிஞர் இருந்தாலும் சரி, எதிரிக்குப் புரியாத மொழியில் வரும் சாட்சியத்தை அவருக்குப் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அவரோ அவருடைய வழக்கறிஞரோ வேண்டாம் என்று சொல்லி, நீதிபதியும் அது தகும் என்று கருதினால் மட்டும் விடலாம். இன்றுவரை பொதுச்சட்ட நாடுகள் மேற்கோள் காட்டும் விதி இது. சரி, லீ குன் என்ன ஆனார்? கீழே மாஜிஸ்திரேட் முன் நடந்த விசாரணையில் இதே சாட்சியம் அவருக்குப் பெயர்த்துச் சொல்லப்பட்டிருந்தது, ஆகவே பெரிய அநீதி நேர்ந்துவிடவில்லை என்று மேல்முறையீடு தள்ளுபடியானது. 1916 ஜனவரி முதல் நாள் தூக்கிலிட்டார்கள். விதி பிழைத்தது, ஆள் பிழைக்கவில்லை.

(எதிரி என்று சொன்னதும் ஒரு தங்கை நிமிர்ந்து பார்த்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நம் கோர்ட்டுத் தமிழில் அதுதான் பெயர். யாருக்கு எதிரி என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.)

அடுத்து நியூயார்க். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து லாங் தீவுப் பகுதிக்கு உருளைக்கிழங்கு மூட்டை கட்டும் வேலைக்கு வந்த நெக்ரோன் என்ற இளைஞர். வயது 23. ஆறாம் வகுப்புப் படிப்பு. வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1965இல் உடன் தங்கியிருந்தவரோடு நடந்த சண்டையில் ஒரு கொலை. 1967இல் விசாரணை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. நீதிமன்றம் அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞருக்கு ஸ்பானியம் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார், ஆனால் அவர் அரசுத் தரப்பு அமர்த்தியவர். அரசுத் தரப்புச் சாட்சிகள் 14 பேரில் 12 பேர் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஜூரிக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஸ்பானியச் சாட்சியம் ஆங்கிலமாக்கப்பட்டது. நெக்ரோனுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக ஆங்கிலச் சாட்சியம் ஸ்பானியமாக்கப்படவில்லை. விசாரணைக்கு நடுவே இடைவேளை விட்டபோது இரண்டு தடவை, பத்து இருபது நிமிடம், மொழிபெயர்ப்பாளர் வந்து நடந்ததைச் சுருக்கிச் சொன்னார். சினிமாவுக்குத் தாமதமாக வந்தவருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் கதை சொல்வது மாதிரி.

இருபது ஆண்டு முதல் ஆயுள்வரை என்று தண்டனை. மாநில நீதிமன்றங்களில் தோற்று, ஆட்கொணர்வு மனு வழியே கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார், அங்கே வென்றார். 1970இல் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதி செய்தது. தீர்ப்பெழுதியவர் நீதிபதி இர்விங் காஃப்மன். உளவு வழக்கில் ரோசன்பர்க் தம்பதியருக்கு 1951இல் மரண தண்டனை விதித்த அதே காஃப்மன்தான். மனிதர்கள் ஒரே தீர்ப்பில் அடங்கிவிடுவதில்லை. புரியாத ஒலிகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டு ஒருவனுக்கு விசாரணை நடத்தினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். எட்டு ஆண்டு கழித்து, 1978இல், அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கான மொழிபெயர்ப்பாளர் சட்டம் வந்தது. தேர்வு, சான்றிதழ் என்ற ஏற்பாடுகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

மூன்றாவது வழக்கு நமக்குப் பக்கத்து வீட்டுக்காரருடையது. குன்னத் என்ற மலையாளி. கேரளத்தின் படிப்பறிவில்லாத விவசாயி என்றே தீர்ப்பு அவரை அறிமுகப்படுத்துகிறது. மொரீஷியசுக்கு ஹெராயின் கொண்டுவந்ததாகக் குற்றச்சாட்டு. ஜூரி இல்லை, தனி நீதிபதி. மலையாள மொழிபெயர்ப்பாளர் வந்தார், கூடவே இருந்தார். ஆனால் சாட்சிகள் சொன்னதை எதிரிக்குச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி நீதிபதி உத்தரவிடவில்லை, எதிரியின் வழக்கறிஞரும் கேட்கவில்லை. தீர்ப்பு மரண தண்டனை.

இந்தக் காட்சியை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கூண்டில் ஒருவர். அவர் மொழி அறிந்த ஒரே மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், வாய் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நீதிமன்றத்தில் கேட்காமல் பேசினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். மொரீஷியசுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1993இல் தண்டனையை ரத்து செய்தது. விசாரணையின்போது எதிரி நேரில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது உடம்பு இருந்தால் போதும் என்பதற்காக அல்ல, நடப்பது அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, எந்தச் சாட்சியை அழைப்பது, தானே கூண்டேறுவதா என்று அவர் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக என்றது. வழக்கறிஞர் மௌனமாக இருந்தாலும் நீதிபதியின் கடமை போய்விடாது என்றது. மொரீஷியஸ் 1995இல் மரண தண்டனையையே ஒழித்துவிட்டது. குன்னத் வழக்கால் ஒழித்தது என்று நான் சொல்லவில்லை, இரண்டு ஆண்டு இடைவெளி என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இனிக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். நெக்ரோன் வென்றார், குன்னத் வென்றார். எப்படி? மொழிபெயர்ப்பு தவறு என்று காட்டியா? இல்லை. மொழிபெயர்ப்பே நடக்கவில்லை என்று காட்டி. இல்லாத ஒன்றை இல்லை என்று நிரூபிப்பது எளிது. எல்லோரும் அறையில் இருந்தார்கள், யாரும் பேசவில்லை, அவ்வளவுதான். ஆனால் மொழிபெயர்ப்பாளர் சாட்சியத்தின் ஒவ்வொரு வரியையும் பெயர்த்தார், ஆனால் தப்பாகப் பெயர்த்தார் என்றால் பாடு பெரும்பாடு. பதிவைப் பார்த்தால் கேள்வி இருக்கிறது, பதில் இருக்கிறது, வாக்கியங்கள் கச்சிதமாக இருக்கின்றன. பிழை எவ்வளவு சரளமோ அவ்வளவு மறைவு. திக்கித் திணறுகிற மொழிபெயர்ப்பாளர் எதிரிக்கு ஒரு விதத்தில் நல்லவர். அவரால் விளைந்த குழப்பமாவது பதிவில் தெரியும்.

இங்கிலாந்தின் இக்பால் பேகம் வழக்கில் இந்த மறைவு நான்கு ஆண்டு நீடித்தது. 1981இல் பர்மிங்காமில் கணவரைக் கொன்ற வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று ஆயுள் தண்டனை. அவர் பேசுவது பஞ்சாபி. மொழிபெயர்க்க வந்தவர் வேறு சில தெற்காசிய மொழிகள் அறிந்த கணக்காளர். பேகத்தின் பஞ்சாபி அந்தக் கணக்காளருக்குச் சரியாகத் தெரியாது. கேள்விக்குப் பதில் வராதபோது, வழக்கறிஞர்கள் அந்தப் பெண்ணின் மௌனத்துக்கு வேறு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். இந்தப் பெயர்ப்பாளர் சொல்வது உங்களுக்குப் புரிகிறதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல், ஒப்புதல் என்று நினைத்தது ஒப்புதலே அல்ல என்றது.

கனடா உச்ச நீதிமன்றம் 1994இல் டிரான் வழக்கில்தான் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் பார்த்தது என்று நினைக்கிறேன். எதிரி வியட்நாமியர், இடம் நோவா ஸ்கோஷியா. விசாரணையின் நடுவே மொழிபெயர்ப்பாளரையே சாட்சியாகக் கூண்டேற்றினார்கள். அவர் சாட்சியம் சொல்லிவிட்டு, தான் சொன்னதை எதிரிக்கு ஓரிரு வரியில் சொல்லி முடித்துக்கொண்டார். தலைமை நீதிபதி லாமர், மொழிபெயர்ப்பு இடையறாமல் இருக்க வேண்டும், துல்லியமாக, நடுநிலையாக, தகுதியுள்ளவரால், உடனுக்குடன் நடக்க வேண்டும் என்று ஐந்து அளவுகளைச் சொன்னார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. இதனால் எனக்குப் பாதகம் ஏற்பட்டது என்று எதிரி தனியே நிரூபிக்க வேண்டியதில்லை, தரக்குறைவான மொழிபெயர்ப்பே பாதகம்தான் என்றார். லீ குன்னுக்கு இந்த ஒரு வரி கிடைத்திருந்தால் போதும்.

இப்போது இலங்கைக்கு வருவோம். அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு வழிவழியாக ‘முதலியார்’ என்று பட்டம். நம் பக்கம் ‘துபாஷி’. கௌரவமான பெயர்கள். சிங்கராசா வழக்கில் அந்த இடத்தில் இருந்தவர் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள்.

1993 ஜூலையில் மட்டக்களப்பு மாவட்டத்தில் கைது. டிசம்பரில் ஓர் உதவிப் போலீஸ் அத்தியட்சகர் முன் வாக்குமூலம். கைதானவர் பேசுவது தமிழ், பதிவானது சிங்களம். இடையில் பெயர்த்துச் சொன்னவர் கான்ஸ்டபிள், தட்டச்சு செய்தவரும் அவரேதான். அறையில் அந்த இரண்டு அதிகாரிகளைத் தவிர வேறு ஆள் இல்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த அந்தத் தாளில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். சித்திரவதை செய்தார்கள் என்று அவர் சொன்னார். பயங்கரவாதத் தடைச் சட்டப்படி, வாக்குமூலம் தானாக வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு வாக்குமூலம் கொடுத்தவர் தலையில்தான். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனைக்கு ஆதாரம் அந்த ஒரு வாக்குமூலம். மேன்முறையீட்டில் 1999இல் 35 ஆண்டாகக் குறைத்தார்கள், தீர்ப்பை மாற்றவில்லை.

பாருங்கள், அவர் எந்தப் பிழையைக் காட்டியிருக்க முடியும்? அவர் தமிழில் சொன்னது எந்த ஏட்டிலும் இல்லை. அதைக் கேட்டதாகச் சொல்லக்கூடிய மூன்றாம் ஆள் இல்லை. கேட்டவரும் பெயர்த்தவரும் எழுதியவரும் ஒரே அலுவலகம். ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் இதைத்தான் சுட்டிக்காட்டியது. வெளி மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், இந்தச் சூழலில் எடுத்த வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டித்தது நியாயமான விசாரணை ஆகாது, நிரூபிக்கும் சுமையை அவர்மேல் வைத்ததும் தவறு என்றது. அந்தக் கருத்தை எடுத்துக்கொண்டு அவர் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2006இல் தலைமை நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, ஐ.நா. குழுவுக்கு முறையிட வழிசெய்யும் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு உட்பட்டதல்ல என்று மனுவைத் தள்ளியது. கான்ஸ்டபிள் சரியாகப் பெயர்த்தாரா என்ற கேள்வியில் தொடங்கிய வழக்கு, ஒரு நாட்டின் உடன்படிக்கை அதிகாரம் பற்றிய வழக்காக முடிந்தது. முதல் கேள்விக்குப் பதில் யாரும் சொல்லவில்லை.

அக்கரையைச் சொல்லிவிட்டு இக்கரையைச் சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். நம் சட்டம் ஏட்டளவில் குறையில்லாதது. சாட்சியம் எதிரிக்குப் புரியாத மொழியில் இருந்தால், திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பழைய நடைமுறைச் சட்டத்தில் 279ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 314. மொழிபெயர்ப்பாளர் உண்மையாகப் பெயர்க்கக் கடமைப்பட்டவர் என்பது 317. ஆனால் 1966இல் சிவநாராயண் கப்ரா எதிர் மதராஸ் மாநிலம் வழக்கில், சாட்சியம் தனக்குப் பெயர்த்துச் சொல்லப்படவில்லை என்று எதிரி முறையிட்டபோது உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அது நடைமுறைக் குறைபாடுதான், பாதகம் நேர்ந்ததாகக் காட்டினால் ஒழிய விசாரணை செல்லாமல் போகாது என்றது. லீ குன் வழக்கில் கேட்ட குரலேதான். எதிரிக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அவர்கள் அப்போது வாய் திறக்கவில்லை என்பதும் கணக்கில் வந்தது. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. புரியாத ஒருவர், புரியாததால் தனக்கு என்ன கெட்டது என்று எப்படிக் காட்டுவார்? தெரிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பாரே.

அந்த வழக்கில் தமிழ் தெரியாத வணிகர் கூண்டில் நின்றார். இன்று திருப்பூரிலும் கோவையிலும் ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் பேசுகிற தொழிலாளி நிற்கிறார். நமக்கு அவர்கள் எல்லோரும் ‘இந்திக்காரர்கள்’. பஞ்சாபிப் பெண்ணுக்கு வேறு மொழிக்காரரை அமர்த்திய பர்மிங்காமைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை. கூடவே வேலை செய்கிற பையனை, பேக்கரிக்காரரை, சில சமயம் ஸ்டேஷன் காவலரையே கூப்பிட்டு “கேட்டுச் சொல்லுப்பா” என்கிறோம்.

வேலைக்கு உதவுகிற மூன்று செய்திகள் சொல்லி முடிக்கிறேன். சாட்சி நீதிமன்ற மொழி அல்லாத மொழியில் பேசினால், முடிந்தவரை அந்த மொழியிலேயே பதிவு செய்யலாம் என்று 312ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. யாரும் கேட்பதில்லை, கேளுங்கள். மாஜிஸ்திரேட் முன் நடக்கும் வாரண்ட் வழக்குகளில் எதிரியின் வழக்கறிஞர் முன்னிலையில் ஒலி, ஒளிப்பதிவு செய்யலாம் என்கிறது 310. காற்றோடு போகிற அந்த முதல் வாக்கியத்தைப் பிடித்து வைக்கிற கருவி அதுதான். அதற்கும் மனு போடுங்கள். தள்ளுபடியானால் அந்த உத்தரவாவது பதிவில் இருக்கும்.

மூன்றாவது 313. சாட்சியத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பதிவு வேறு மொழியில் இருந்து அது சாட்சிக்குத் தெரியாவிட்டால் பெயர்த்துச் சொல்ல வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? பெஞ்ச் கிளார்க் தாளை நீட்டுவார், சாட்சிக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கையெழுத்து விழுந்துவிடும். நீங்கள் எழுந்து நின்று, வாசிக்கச் சொல்லுங்கள். கோர்ட்டே உங்களை முறைக்கும், முறைக்கட்டும். “நான் ஒருத்தரைத்தான் ஐயா சொன்னேன்” என்று அந்த அம்மா சொன்னால், நீதிபதி திருத்த வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை, ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டால் போதும் என்கிறது சட்டம். அந்தக் குறிப்பு ஒரு வரிதான் இருக்கும், பெரும்பாலும் ஓரத்தில், வேறு மையில். மேல்முறையீட்டுக் கட்டு என் மேசைக்கு வரும்போது நான் முதலில் தேடுவது அதைத்தான்.